என் பங்குப் பொடி

எனக்குக் காலில் தசைப்பிடிப்பு வந்ததே இல்லை. எண்பத்து நான்கு வயதில் இதைச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர் தோயாமாவிலிருந்து ஷின்ஷூ மலைகள்வரை ஐம்பது வருஷம் நடந்த கால்கள் இவை. முதுகில் ஐந்து அடுக்குப் பெட்டி, அதைச் சுற்றிப் பெரிய துணி முடிச்சு, உள்ளே மருந்து. மலைக்குப் பேருந்து வந்த பிறகும் நான் நடந்துதான் போனேன். மருந்துக்காரன் பேருந்திலிருந்து இறங்கினால், தன் மருந்தை அவனே சாப்பிடுவதில்லை என்று சனங்களுக்குத் தெரிந்துவிடும். இன்று காலை உங்கள் காவல் நிலையத்துக்கும் நடந்துதான் வந்தேன்.

இதை நீங்கள் எழுத வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுத வேண்டியது வரும்போது சொல்கிறேன். உங்கள் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நான் பேசுவேன், நீங்கள் ‘நான்’ என்று போட்டு எழுதுவீர்கள், பிறகு எனக்கே வாசித்துக் காட்டுவீர்கள், தப்பிருந்தால் திருத்துவீர்கள், கடைசியில் கட்டைவிரல் வைப்பேன். நானும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வீடு மருந்துப் பெட்டியை வைத்துவிட்டு வருவோம். அடுத்த வருஷம் போய்த் திறந்து பார்த்து, எது எத்தனை பொட்டலம் தீர்ந்திருக்கிறது என்று எண்ணி, பெட்டிப் புத்தகத்தில் எழுதி, வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, தீர்ந்ததற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, மறுபடி நிரப்புவோம். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு காகிதப் பந்து ஊதிக் கொடுப்போம். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. ஒரே ஒரு சட்டம்தான். பெட்டிப் புத்தகத்தில் பொய் எழுதக் கூடாது.

வாய்க்கு அந்தச் சட்டம் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவன் நாலு கதை சொன்னால்தான் அடுத்த வருஷமும் கதவைத் திறப்பார்கள். தொகாகுஷி பக்கம் ஒரு கரடி, ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்து எங்கள் பெட்டியிலிருந்த வயிற்று மருந்தையெல்லாம் தின்றுவிட்டது. கரடிப் பித்தத்தில் செய்கிற மருந்து அது. தன் சித்தப்பாவைத்தான் விழுங்கினோம் என்று அதற்குத் தெரியாது. வயிறு நன்றாகிவிட்டது. அடுத்த வருஷம் நான் போனபோது பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆற்று மீனை வைத்துவிட்டுப் போயிருந்தது. இதை நான் புத்தகத்தில் எழுதவில்லை. ஆகவே இது நடக்கவில்லை என்று நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

என் மனைவி மிசாயோவுக்கு மறதி வந்தது மூன்று வருஷத்துக்கு முன்பு. முதலில் உப்பு. பிறகு அடுப்பு. பிறகு என் பெயர். அது பெரிய இழப்பில்லை, ஐம்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மறதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுங்காக, கிட்டத்திலிருந்து தொடங்கித் தூரத்துக்குப் போகிறது. நேற்றைச் சாப்பிடும், போன மாதத்தைச் சாப்பிடும், போன வருஷத்தைச் சாப்பிடும். சிக்கல் என்னவென்றால், மேலே உள்ளதைத் தின்று தீர்த்ததும் அடியில் கிடந்தது வெளியே தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

போன செப்டம்பரில், குப்பை எடுக்கிற நாள் காலை. தெருமுனையில், காக்கை கிளறாமலிருக்கப் போட்டிருக்கும் வலைக்கு அடியில் பைகளைத் தள்ளிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு ஒகுதா அம்மாள் இருந்தார், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். மிசாயோ கையிலிருந்த பையைக் கீழே போட்டாள்.

“நீ வீட்லதான் இருந்தே,” என்றாள்.

எப்போதும் ‘நீங்க’ என்றவள்.

“எப்போ?” என்றேன், சிரித்துக்கொண்டே.

“ஷிங்கோ செத்தப்போ. வீட்லதான் இருந்தே. வாசப்படியில சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு என்னை வெளிய விடலை. பிள்ளை கழுத்து கட்டையாட்டம் நின்னுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்னு உன் கால்ல விழுந்தேன். நகர்ந்தியாடா நீ?”

“அண்ணி, வாங்க அண்ணி, உள்ள போய் டீ குடிக்கலாம்,” என்று ஒகுதா அம்மாள் அவள் தோளைப் பிடித்தார்.

“எனக்கு ஒரு டீயும் வேணாம்! இவன் என் பிள்ளையை ஊர் ஊரா வித்தான். கேளு இவனை, வித்தியான்னு கேளு!”

ஒகுதா அம்மாள் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “பாவம் ஹொரிதா அண்ணா நீங்க. எங்க மாமியாரும் கடைசியில இப்படித்தான். அவங்க மீனை நான் திருடித் தின்னுட்டேன்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சாங்க.”

“தின்னீங்களா?”

“ஒரே ஒரு தடவை,” என்றார்.

ஊருக்குத் தெரிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகன் ஷிங்கோ ஐந்து வயதில், நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம், காய்ச்சலில் போனான். நான் அப்போது ஷின்ஷூவில் பனியில் மாட்டிக்கொண்டிருந்தேன். மிசாயோ பயந்துபோய் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டாள். கைக்கு எட்டும் தூரத்திலிருந்த மருந்துப் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. தந்தி கிடைத்து நான் ஓடி வந்தேன். இந்தக் கதையை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. அண்ணன் வீட்டிலிருந்த என் அம்மா, சாகும்வரை அவள் கையால் ஒரு வாய்ச் சோறு வாங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த எங்கள் மகள் இகுமி, தனக்குக் குழந்தைகள் பிறந்தபோது அவர்களை ஒரு மணி நேரம்கூட அம்மாவிடம் தனியாக விடவில்லை.

மலையில் ஒரு வீட்டார் பெட்டி வேண்டாம் என்று சொன்னால் நான் அந்தக் கதையைச் சொல்வேன். கரடிக் கதைக்குச் சிரிப்பார்கள். ஷிங்கோ கதைக்குப் பெட்டியை உள்ளே எடுத்துக்கொண்டு போவார்கள். பெட்டி பக்கத்தில் இருந்தும் திறக்காத ஒரு தாயின் கதை. சொல்லி முடித்துவிட்டு, ஒரு காகிதப் பந்தை ஊதி அந்த வீட்டுக் குழந்தையின் கையில் வைப்பேன். முப்பது வருஷம் சொன்னேன். நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். அந்த வீடுகளில் எத்தனை குழந்தைகளுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பையன் வீணாகப் போகவில்லை.

செப்டம்பருக்குப் பிறகு அவள் தினமும் கத்தினாள். தட்டை எறிந்தாள். ஊறுகாய் ஜாடியை எறிந்தாள். எறிவதில் குறி தப்பவில்லை, அந்தப் பாகம் மூளையில் நன்றாகவே இருந்தது. இகுமி கனாசாவாவிலிருந்து ரயிலேறி வந்து எங்கள் இருவரையும் டாக்டர் முரோயிடம் கூட்டிக்கொண்டு போனாள். மூளை நரம்பு வைத்தியம் படித்துவிட்டுப் பழைய மூலிகை வைத்தியத்துக்கும் வந்த பெண் அவர். மிசாயோவைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலே, என்னையும் படுக்கச் சொல்லி அமுக்கினார்.

“ரெண்டு பேருக்கும் எழுதறேன்,” என்றார்.

“எனக்கு எதுக்கும்மா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்.”

“அதான் எழுதறேன், ஹொரிதா ஐயா. உங்க விலாவுக்குக் கீழ பலகை மாதிரி இருக்கு. அம்மாவைவிட உங்களுக்குத்தான் இறுக்கம் ஜாஸ்தி.”

கல்லீரலை அடக்கும் பொடி என்று அதற்குப் பெயர். எங்கள் வைத்தியத்தில் கோபம் குடியிருப்பது கல்லீரலில். பழைய காலத்தில் ராத்திரி முழுக்க வீறிட்டு அழும் குழந்தைக்குக் கொடுத்தது. இப்போது மறதி வந்து சீறும் கிழவர்களுக்குக் கொடுக்கிறார்கள். ஏழு மூலிகை. அதிலொன்று அதிமதுரம்.

“பிள்ளை அழுதா தாயும் சேர்ந்து குடிக்கணும்னு பழைய ஏட்டிலயே இருக்கு,” என்றார் டாக்டர். “கோபம் ஒரு ஆள்கிட்ட மட்டும் நிக்காது, அது வீட்ல இருக்கும். ஒருத்தர் மட்டும் குடிச்சா பாதி மருந்துதான். அப்புறம், மருந்துக்காரர்கிட்ட இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதிமதுரம் சேர்ந்த வேற எதையும் இதோட குடுக்காதீங்க. கால் வீங்கினாலோ, பிடிச்சு இழுத்தாலோ, கை தளர்ந்தாலோ அன்னிக்கே கூட்டிட்டு வாங்க. மாசம் ஒரு தடவை ரத்தம் பாக்கணும். ரத்தத்துல பொட்டாசியம் இறங்கிடுச்சுன்னா இதயம் தாங்காது.”

“நான் ஐம்பது வருஷம் சுமந்த சரக்கும்மா அது,” என்றேன்.

நான் கோபக்காரன் என்று ஒருவர் வயிற்றை அமுக்கிக் கண்டுபிடித்தது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வீடு வரும்வரை அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். மறுநாளும் நினைத்தேன். அடுத்த மாதமும் நினைத்தேன். பலகையாம். அடடா, உங்கள் பென்சில் என் கையில் இரண்டாகிவிட்டது, மன்னியுங்கள். இப்போதெல்லாம் மரமே சரியில்லை.

என் பங்குப் பொடியை நான் குடிக்கவில்லை. கோபமில்லாதவன் கோபத்துக்கு மருந்து குடிப்பது சரக்கை வீணாக்குவது. பொட்டலங்களைப் பத்திரமாக எங்கள் வீட்டுப் பெட்டியில் போட்டு, ‘ஷோகிச்சி பங்கு, குடிக்கவில்லை’ என்று என் பெயர் போட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன். மிசாயோவுக்கு அவள் பங்கை வெந்நீரில் கரைத்து, மூன்று வேளையும் நேரம் தவறாமல் கொடுத்தேன்.

பொடி வேலை செய்தது. அதுதான் சிக்கல்.

ஆறு வாரத்தில் தட்டுகள் அலமாரியிலேயே இருந்தன. அவள் தூங்கினாள், சாப்பிட்டாள், ஒருநாள் தானே அரிசி களைந்தாள். நவம்பர் கடைசியில் ஒகுதா அம்மாள் பேரீச்சைபோல உலர்த்திய சீமைப் பனிச்சைப் பழம் கொண்டுவந்தார். கணப்பு மேசையின் போர்வைக்குள் காலை நீட்டி மூவரும் உட்கார்ந்திருந்தோம். மிசாயோ பழத்தைக் காம்பு கிள்ளிவிட்டு, காய்கறிக் கடையில் வாங்கிய சாமான்களைச் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தாள்.

“அன்னிக்குப் பனி. பாதை மூடிட்டாங்கன்னு இவர் ரெண்டு நாள் முன்னாடியே திரும்பிட்டார். ஷிங்கோ காலையிலேர்ந்து வாந்தி. தலை வலிக்குதும்மா, வெளக்கை அணைம்மான்னான். மத்தியானம் ஒரு பொட்டலம் குடுத்தார். சாயங்காலம் ஒண்ணு. மறுநாள் மூணு. மூவாயிரம் வீட்டுக்கு மருந்து குடுக்கறவன் தன் பிள்ளையை ஊசி போட அனுப்பினா நாளைக்கு எவன் என் பெட்டியை வைப்பான்னு கேட்டார். வாசப்படியில உக்காந்துட்டார். மூணாம் நாள் காலையில பிள்ளை உடம்பு சில்லுனு ஆயிடுச்சு.”

மறுபடியும் ‘இவர்’ ஆகியிருந்தேன். கத்தியபோது துண்டு துண்டாக வந்ததெல்லாம் இப்போது வரிசையாக வந்தது. ஒகுதா அம்மாள் இந்தத் தடவை ‘பாவம்’ என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார், எழுந்து போய்விட்டார்.

கத்துகிறவளை யாரும் நம்ப மாட்டார்கள், ஐயா. மெதுவாகப் பேசுகிறவளை எல்லோரும் நம்பிவிடுவார்கள். பொடி வேலை செய்கிறது என்றால் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் இகுமி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“ஒகுதா அத்தை பேசினாங்க. அம்மா சொல்றதெல்லாம் வரிசையா இருக்காமே அப்பா. எத்தனை பொட்டலம்னு கூடச் சொல்றாங்களாமே.”

“வியாதிம்மா. வரிசையாப் பேசற வியாதி.”

“பிப்ரவரியில அண்ணன் நினைவு நாளுக்கு வர்றேன். மறுவாரம் டாக்டர் முரோயையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு அம்மாவையே நேரா கேட்டுடறேன். அதுவரைக்கும் பொடியை மட்டும் நிறுத்திடாதீங்கப்பா. நல்லா வேலை செய்யுது,” என்றாள்.

“நிறுத்துவேனா?” என்றேன்.

நிறுத்தவில்லை. அன்றிலிருந்து என் பங்கையும் அவளுக்கே கரைத்துக் கொடுத்தேன். இருவர் குடிக்க வேண்டியதை ஒருவர் குடித்தால் என்ன, ஒரே வீடுதானே. பொடி அவளை அமைதியாக்கியது. இன்னும் கொஞ்சம் அமைதியாக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் அவள் கணுக்கால் வீங்கியது. அப்புறம் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. “ஏங்க, யாரோ உள்ள கயிறு முறுக்கறாங்க,” என்று அழுவாள்.

காலைப் பிடித்து இழுத்தால் அதற்கென்றே எங்கள் பெட்டியில் ஒரு பொட்டலம் உண்டு. அருமையான மருந்து, ஐந்து நிமிஷத்தில் விட்டுவிடும். அதில் சரிபாதி அதிமதுரம். அதிமதுரம் மிஞ்சினால் கால் பிடிக்கும். கால் பிடித்தால் மறுபடி அதிமதுரம் கொடுக்கத் தோன்றும். இந்த வட்டத்தில் யாரையும் ஏற்றிவிடக் கூடாது என்று எங்கள் தொழிலில் முதல் வருஷத்திலேயே சொல்லித்தருவார்கள். எனக்கும் சொல்லித்தந்தார்கள்.

என்னிடமிருந்த பொட்டலங்கள் போதவில்லை. எனக்குப் பிறகு நான் பெட்டி வைத்த வீடுகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற தன்போவிடம் கேட்டேன். ஐம்பது வயது ஆள், வெள்ளை வேனில் வருவான்.

“கால் பிடிப்பு மருந்து ஒரு கட்டு குடுப்பா. எனக்குத்தான்.”

“உங்க காலுக்கா? உங்க காலுக்குக் கோயில் கட்டணும்னு சொல்லிட்டிருந்தீங்களே அண்ணே.”

“கோயிலுக்கும் மராமத்து வரும்டா.”

சிரித்துக்கொண்டே கொடுத்தான். ரத்தப் பரிசோதனைக்கு ஏன் வரவில்லை என்று டாக்டர் வீட்டிலிருந்து கேட்டார்கள். பனி என்றேன். அடுத்த மாதம், ஊசியைப் பார்த்தாலே மிசாயோ மயங்கி விழுவாள் என்றேன். இவையெல்லாம் வாயால் சொன்னவை. புத்தகத்தில் ஒவ்வொரு பொட்டலத்தையும் தேதி போட்டு, ‘மிசாயோ’ என்று பெயரும் போட்டு எழுதினேன். என் வீட்டுப் பெட்டி என்பதற்காகச் சட்டம் மாறிவிடாது.

பிப்ரவரி பத்தாம் தேதி இகுமி வந்தாள். காலை பதினொரு மணி. ஷிங்கோவின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றிவிட்டு, படுக்கையில் இருந்த அம்மாவின் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். மிசாயோவின் முகம் உப்பியிருந்தது. ரொம்ப அமைதி. பொம்மைக்கடையில் வைக்கலாம்.

“அம்மா, அண்ணன் செத்தப்போ அப்பா எங்க இருந்தாரு? சொல்லும்மா. நான் நம்பறேன். இப்ப நான் நம்பறேம்மா.”

மிசாயோ மகளின் கன்னத்தைத் தொடக் கையைத் தூக்கப் பார்த்தாள். கை போர்வையை விட்டு எழவில்லை. உதடு அசைந்தது.

“இனிப்பா இருக்கு,” என்றாள்.

அவ்வளவுதான். நாற்பத்தெட்டு வருஷம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்க ஓர் ஆள் வந்தபோது அவளிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தை.

“அப்பா, அம்மாவுக்குக் கை வரலை. கால் பாருங்க, மத்தளம் மாதிரி. என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? நான் இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்.”

“பனி கொட்டுது. கொஞ்சம் விடட்டும்,” என்றேன். வாசப்படியில் உட்கார்ந்து என் பனிச்செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். வயதாகிவிட்டது, வார் கட்ட நேரமாகிறது. இகுமி அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றாள். வழியை விடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை என் தோளில் காலை வைத்துத் தாண்டிப் போனாள். வண்டியில் ஏற்றும்போதே மிசாயோவின் இதயம் நின்றுவிட்டது. வயது எழுபத்தொன்பது, மறதி நோய், பலவீனமான இதயம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எரித்து, எலும்பு பொறுக்கி, ஜாடியில் வைத்தோம்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குத் தன்போ ஊதுவத்தியோடு வந்தான். வந்த கையோடு பெட்டியையும் பார்த்துவிடலாம் என்று புத்தகத்தை எடுத்தான். நான் தடுத்திருக்கலாம். அவன் முறையாகச் செய்கிற ஆள், தடுப்பது மரியாதையில்லை. பக்கத்தைப் புரட்டப் புரட்ட அவன் நிறம் மாறியது.

“அண்ணே, இந்தக் கால் பிடிப்புப் பொட்டலம் எல்லாம் அண்ணி பேர்ல இருக்கு.”

“ஆமா.”

“உங்களுக்குன்னு சொன்னீங்க.”

“வாயால சொன்னேன்.”

இகுமி புத்தகத்தை அவன் கையிலிருந்து வாங்கினாள். ஒரு தடவை படித்தாள். பிறகு சாமி மாடத்துக்குக் கீழே அடுக்கியிருந்த பழைய பெட்டிப் புத்தகங்களை வெளியே இழுத்துப் போட ஆரம்பித்தாள். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய புத்தகம் அடியில் இருந்தது. அதில், பிப்ரவரி எட்டு, காய்ச்சல் பொட்டலம், ஷிங்கோ, இரண்டு. பிப்ரவரி ஒன்பது, காய்ச்சல் பொட்டலம், ஷிங்கோ, மூன்று. ஷின்ஷூவில் பனியில் மாட்டிக்கொண்டிருந்தவனின் கையெழுத்து.

“பொறந்ததுலேர்ந்து நான் அம்மா கையால ஒரு கிண்ணம் சோறு ஆசையா வாங்கித் தின்னதில்லை,” என்றாள் இகுமி. கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “என் பிள்ளைங்களைத் தூக்க விடலை. எங்கம்மா வாசல்லயே நின்னு கையாட்டிட்டுப் போவாங்க. அதை நீங்க ஜன்னல்லேர்ந்து பாத்துட்டிருப்பீங்க. பாத்தீங்கதானே? பாத்துட்டு, திரும்பிப் பிள்ளைங்களுக்குக் கரடிக் கதை சொல்வீங்க!” புத்தகத்தை என் மார்பில் எறிந்தாள். குறி தப்பவில்லை. அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அவள் இங்கே வந்தாள், நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். ஜாடியிலிருக்கும் எலும்பில் ஒன்றும் மிச்சமிராது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையிலிருப்பது ஒரு கிழவன் எழுதிய புத்தகம் மட்டும். வழக்கு நிற்காது என்று நீங்கள் முந்தாநாள் பெருமூச்சு விட்டீர்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இகுமி, இதோ இந்த இடத்தில் நின்று, உங்களிடம் சொன்னாள்.

“விடுங்கய்யா. அப்பாவுக்கும் மறதி வந்துடுச்சு. அவருக்கு இப்ப எண்ணத் தெரியலை. பொட்டலத்தைப் பாத்து இஷ்டத்துக்கு ஏதோ கிறுக்கியிருக்கார். அந்தப் புத்தகத்துல ஒரு எண்கூடச் சரியா இருக்காது. பாவம், வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

நீங்களும் இரக்கப்பட்டு எனக்கு அந்த ஞாபகச் சோதனையை வைத்தீர்கள். இன்று என்ன தேதி. நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள், இன்னும் ஏழைக் கழியுங்கள். மூன்று பொருள் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன். தோற்றிருந்தால் நான் இப்போது வீட்டில் முள்ளங்கி ஊறுகாயோடு கஞ்சி குடித்துக்கொண்டிருப்பேன். செர்ரி மரம், பூனை, ரயில். இன்றைக்கும் சொல்வேன்.

எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்ன பிறகும் இகுமி தலையை ஆட்டினாள். “அதெல்லாம் சொல்வார். எண்ண மட்டும் வராது,” என்றாள். எனக்கு முன்னால் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். அவள் கண்ணைப் பார்த்தேன். என் மகள் என்னைப் போலவே முகம் அசையாமல் கதை சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பது வீடு போய்ச் சேரும்வரை எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகும் நேற்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. என்ன சொன்னாலும் சொல்லட்டும், எனக்கு எண்ணத் தெரியாது என்பதா? ஐம்பது வருஷத்தில் ஒரு வீட்டில் ஒரு பொட்டலம் தப்பியதில்லை. ஐயோ, கோப்பை. கையில் ஒன்றுமில்லை, லேசான கீறல்தான். உங்கள் நிலையத்துக் கோப்பைகள் ரொம்ப மெல்லியவை.

இப்போது எழுதுங்கள். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன் பிப்ரவரியில் நான் என் வீட்டில்தான் இருந்தேன். என் மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடாமல் வாசப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவன் போன காலையில் பனி விட்டிருந்தது. ஷின்ஷூவில் நான் தங்கும் சத்திரத்துக்குத் தந்தி அடிக்கச் சொல்லிவிட்டு, பின்வழியாக இறங்கி ரயிலேறி அங்கே போய்த் தந்திக்காகக் காத்திருந்தேன். நான் வீட்டிலிருந்தது தெரிந்தால் எந்த வீடும் நம் பெட்டியை வைக்காது என்று மிசாயோவிடம் சொன்னேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் திறந்தபோது, அதிமதுரம் என்ன செய்யும் என்று தெரிந்தே, அவள் பங்கையும் என் பங்கையும் கால் பிடிப்புப் பொட்டலங்களையும் சேர்த்துக் கொடுத்தேன். சாகும்வரை கொடுத்தேன். புத்தகத்தில் உள்ளது முழுக்கச் சரி.

வாசித்துக் காட்டியதற்கு நன்றி. நன்றாக எழுதுகிறீர்கள். இரண்டு இடத்தில் தப்பு.

‘கால் பிடிப்புப் பொட்டலம் சுமார் நூறு’ என்று போட்டிருக்கிறீர்கள். சுமார் என்பதை அடியுங்கள். நூற்றுப் பதினேழு. இகுமியிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

பிறகு கீழே, ‘மனைவி மீதிருந்த கோபத்தில் இதைச் செய்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், ஐயா. அடித்தால்தான் கட்டைவிரல் வைப்பேன். எனக்குக் கோபம் இருந்திருந்தால் என் பங்குப் பொடியை நானே குடித்திருப்பேனே.